துப்பாக்கி கொடுத்தால்தான் ஆயுதம் கொடுத்ததாகுமா?

தூரிகை கேட்டது:

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு விவாதம் வருகிறது, தலைப்பு "மக்களை ஆயுதபாணிகளாக்கலாமா". தலைப்பைச் சொன்ன உடனேயே இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு கட்சி துப்பாக்கி, உரிமம், தற்காப்பு என்று நேரடியாகப் பேசுகிறது. இன்னொரு கட்சி "கல்விதான் ஆயுதம், பேனாதான் ஆயுதம், வாக்குச்சீட்டுதான் ஆயுதம்" என்று ஆரம்பித்துவிட்டது. இந்த இரண்டாவது வகைப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும், கைதட்டு வாங்குவதற்கென்றே செய்து வைத்த வரிகள். ஆனாலும் அப்படியே தள்ளிவிட மனம் வரவில்லை. கையில் ஒன்றுமில்லாதவர்களுக்கு ஒரு சட்டமோ ஒரு திறமையோ கிடைத்த பிறகு அவர்களோடு மற்றவர்கள் பேசும் தொனியே மாறிவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆகவே கேட்கிறேன். ஒருவருக்குத் துப்பாக்கி கொடுப்பதற்கும் ஒரு அறிவைக் கொடுப்பதற்கும் உண்மையிலேயே பொதுவாக ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் உவமைதானா? அப்புறம், அரிவாளும் கோடரியும் வேலை செய்வதற்கான கருவிகள்தானே, அவை எந்த இடத்தில் ஆயுதமாகின்றன? பொருளிலா, பிடித்திருக்கும் கையிலா? படையில் இருந்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தத்துவம் வேண்டாம், உதாரணம் வேண்டும்.

---

பழைய பட்டாளம் எழுதியது:

படையில் ஆயுதக் கிடங்கு வேலை பார்த்தவன் என்ற முறையில் முதல் பாதிக்குப் பதில் சொல்கிறேன், இரண்டாவது பாதி எனக்கு ஓடாது.

துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் ஆயுதம் கொடுத்தாகிவிட்டது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஏகே-47 நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டு சுடும் வேகம் கொண்டது, அதன் வழக்கமான மேகசினில் இருப்பது 30. விசையை விடாமல் அழுத்திப் பிடித்தால் மூன்றே விநாடியில் காலி, அதற்குப் பிறகு அவர் கையில் இருப்பது நாலு கிலோ இரும்பும் மரமும்தான். புதிதாகத் துப்பாக்கி பிடிப்பவர் பதற்றத்தில் முதலில் செய்வதும் அதைத்தான். ஆகவே முதல் கேள்வி, அடுத்த மேகசின் எங்கிருந்து வருகிறது? அதற்கடுத்த மாதம்? அப்புறம் குழலுக்குள் புல்த்ரூ (துடைக்கும் துணி கட்டிய கயிறு) போட்டு இழுக்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும், ஸ்பிரிங் தளர்ந்தால் மாற்ற வேண்டும், ஒவ்வொரு துப்பாக்கியையும் அதைச் சுடப்போகிறவரின் கண்ணுக்கு ஏற்றபடி ஜீரோ செய்ய வேண்டும், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி குறிமுனையைச் சரிசெய்ய வேண்டும். ஜீரோ செய்யாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு முந்நூறு மீட்டரில் ஆளைக் குறிபார்ப்பது சத்தம் எழுப்புவதற்கு மட்டும் உதவும். இதெல்லாம் போக, "சுடு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதைவிட முக்கியமாக, "நிறுத்து" என்று சொன்னால் நிற்கும் பழக்கம் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் பயிற்சியில் பாதி நேரம் போகிறது.

ஔவையார் தூது போன கதை எல்லோருக்கும் தெரியும். தொண்டைமானின் கிடங்கில் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி மினுங்குகின்றன, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பலரும் இதை வீரத்தின் பெருமை என்று படிப்பார்கள். கிடங்கில் வேலை பார்த்தவன் கண்ணுக்கு அங்கே தெரிவது கொல்லன்தான். முறிந்ததைச் சரிசெய்து திரும்பக் கொடுக்க ஒரு பட்டறை இயங்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் அதியமானிடம் இருப்பது படை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குண்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உண்மையில் ஆயுதம் தாங்கியவர். ஸ்விட்சர்லாந்தைப் பலரும் "வீட்டுக்கு வீடு துப்பாக்கி" என்று உதாரணம் காட்டுவார்கள். அங்கே குடிமக்கள் படையில் இருப்பவர்கள் சேவைத் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். முன்பெல்லாம் அதோடு முத்திரையிட்ட டப்பாவில் குண்டும் கொடுப்பார்கள். 2007-ல் அந்தக் குண்டை வீடுகளிலிருந்து திரும்பப் பெற முடிவு செய்தார்கள். துப்பாக்கியையும் கிடங்குக்கு மாற்றலாமா என்று 2011-ல் மக்கள் வாக்கெடுப்பு வைத்தபோது வேண்டாம் என்று தோற்கடித்தார்கள். ஆக இன்றைய நிலவரம், துப்பாக்கி பரணில், குண்டு அரசிடம். இவர்கள் ஆயுதபாணிகளா இல்லையா? உங்கள் விவாதத்தில் யாராவது ஸ்விஸ் பேச்சை எடுத்தால் இதைக் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறானது ஆப்கானிஸ்தான். 1986 முதல் அமெரிக்கா அங்கே சோவியத் படையை எதிர்த்துப் போராடிய முஜாஹிதீன்களுக்கு ஸ்டிங்கர் ஏவுகணை கொடுத்தது, தோளில் வைத்து ஹெலிகாப்டரை வீழ்த்துவது. அதில் ஒரு சின்ன பேட்டரி உண்டு, அதுவே ஏவுகணையின் கண்ணைக் குளிர்விக்கும் வாயுவையும் தரும். சொருகினால் முக்கால் நிமிடம் போலத்தான் தாங்கும், அதற்குள் சுட வேண்டும், இல்லையென்றால் அந்த பேட்டரி வீண். கொடுத்தவனுக்கு அது ஒரு கடிவாளம் மாதிரி. அப்படியும், சோவியத் படை 1989-ல் வெளியேறிய பிறகு மிச்சமிருந்த ஸ்டிங்கர்களைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க அலைந்தார்கள், எல்லாமே திரும்பி வரவில்லை. கொடுப்பது ஒரு நாள் வேலை, திரும்ப வாங்குவது பத்து வருட வேலை.

என்னைக் கேட்டால், ஆயுதம் கொடுப்பது என்பது ஒரு குழாயைத் திறந்து விடுவது. குழாயின் திருகு யார் கையில் என்பதைப் பார்க்காமல் "மக்களுக்கு ஆயுதம் கொடுத்தோம்" என்று பேசுவது அர்த்தமில்லாதது. பெரும்பாலும் மக்களுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் இடங்களில் திருகு இருந்தது என்னவோ கொடுத்தவன் கையில்தான்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

பட்டாளத்துக்காரர் சொன்னது எல்லாம் சரி, துப்பாக்கியைப் பொறுத்தவரை. ஆனால் "கல்வி ஒரு ஆயுதம்" கோஷ்டியை யாரும் இன்னும் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

அந்தப் பேச்சு வெறும் அலங்காரம் என்றால்கூடப் பரவாயில்லை, எனக்கு அது ஆபத்தாகவே படுகிறது. ஆயுதம் என்றால் எதிரி வேண்டும். ஒரு குழந்தைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதில் எதிரி யார்? எல்லாவற்றையும் போர்க்களமாகப் பேசிப் பழகிவிட்டால், "பேனா ஆயுதம்தானே, நீங்களே சொன்னீர்கள், ஆயுதம் வைத்திருந்ததற்காகப் பிடித்துக்கொண்டு போகிறேன்" என்று அதிகாரத்தில் இருப்பவன் வருவான். வந்திருக்கிறான், பல நாடுகளில். துண்டறிக்கை வைத்திருந்தவனையும் துப்பாக்கி வைத்திருந்தவனையும் ஒரே சட்டத்தில் போட்டு ஒரே சிறையில் அடைப்பதற்கு வசதியான மொழி இது. கருவியைக் கருவி என்றே சொல்லுங்களேன், என்ன குறைந்துவிடும்?

---

கறுப்பு அங்கி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு, அதாவது அரிவாள் எப்போது ஆயுதமாகிறது என்பதற்கு, சட்டத்தில் ஒரே பதில் கிடையாது. வேறு வேறு சட்டங்கள் வேறு வேறு இடத்தில் கோடு போடுகின்றன, அந்த முரண்பாடுதான் சுவாரசியமே.

இந்திய ஆயுதச் சட்டம், 1959, முதலில் பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்கிறது. தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளும் அதில் அடங்கும். ஆனால் வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே செய்யப்பட்டவை அடங்காது, லத்தியும் சாதாரணக் கைத்தடியும் இதற்கு உதாரணமாக வரையறையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆக இந்தச் சட்டத்தின் பார்வையில் லத்தி ஆயுதமே இல்லை, அடி வாங்கியவர் வேறு கருத்து வைத்திருக்கலாம். "மாற்றியமைக்கப்பட்ட" என்ற சொல்லைக் கவனியுங்கள். உழவுக் கருவியின் பிடியை நீட்டி, இரண்டு பக்கமும் கூர் வைத்தால் அது விவசாயத்துக்கு மட்டுமே ஆனது என்று வாதாடுவது கஷ்டம்.

தண்டனைச் சட்டம் அப்படி இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவு ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவதைப் பற்றியது. சுடும், குத்தும், வெட்டும் கருவிகளோடு, தாக்குவதற்குப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும் என்று அது விரிகிறது, அப்புறம் நெருப்பு, சூடான பொருள், விஷம், அரிக்கும் பொருள், கடைசியில் மிருகம் வரைக்கும். நாயை ஏவிக் கடிக்க விட்டாலும் அதே பிரிவுதான். இங்கே பொருளின் பிறப்பைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, பயன்படுத்திய நொடிதான் கணக்கு. ஆயுதச் சட்டத்தில் தப்பித்த லத்தி இங்கே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வழியைச் சர்வதேச அளவில் பார்க்கலாம். 1997-ல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுத உடன்படிக்கை நோக்கத்தைப் பார்க்கிறது. குளோரினை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்தில் குடிநீரைச் சுத்தப்படுத்தக் குளோரின் கலவையைத் தொடர்ந்து சேர்க்க ஆரம்பித்தார்கள். ஏழு வருடத்தில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே ஜெர்மானியப் படை ஆயிரக்கணக்கான சிலிண்டர்களைத் திறந்து குளோரின் வாயுவைக் காற்றோடு எதிரியின் பதுங்குகுழிகளை நோக்கி அனுப்பியது. அதைத் தடை செய்தால் உலகம் முழுக்கக் குடிநீர் நின்றுபோகும். அதனால் உடன்படிக்கை குளோரினைத் தன் பட்டியல்களில் சேர்க்கவே இல்லை. மாறாக, எந்த நச்சுப் பொருளும் ரசாயன ஆயுதம்தான், தடை செய்யப்படாத நோக்கத்துக்காக இருந்தால் தவிர, அதுவும் அந்த நோக்கத்துக்குப் பொருத்தமான வகையிலும் அளவிலும் இருந்தால் மட்டும், என்று எழுதிவைத்தது. "அளவிலும்" என்பது மிகவும் புத்திசாலித்தனமான சொல். நீர்ச் சுத்திகரிப்புக்கு என்று சொல்லிக்கொண்டு, சுத்திகரிக்க ஆறே இல்லாத இடத்தில் மலைபோல் குவித்து வைத்திருந்தால் மனதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, எடையைப் பார்த்தால் போதும்.

எதிர்க்கேள்வி அவர்களே, பேனாவைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஆட்சியாளர்கள் மேடைப் பேச்சாளரின் உவமையைக் கேட்டுவிட்டுத்தான் சட்டம் இயற்றுகிறார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களுக்கு அந்த யோசனை முன்பே இருக்கிறது.

---

மலர் டீச்சர் எழுதியது:

கறுப்பு அங்கி கடைசி வரியில் நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், ஏனென்றால் அதற்கு வரலாற்றில் கண்ணாடி மாதிரி ஒரு சாட்சி இருக்கிறது.

1739-ல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், அப்போது அது பிரிட்டிஷ் குடியேற்றம், ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தார்கள். முதல் வேலையாக ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கியும் மருந்தும் எடுத்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடுத்த வருடம், 1740-ல், பண்ணை முதலாளிகளின் சட்டமன்றம் ஒரு நீளமான சட்டம் போட்டது. அடிமைகள் தனியாக ஆயுதம் வைத்திருப்பதற்கும் கூட்டம் கூடுவதற்கும் எதிரான விதிகளோடு, அதே சட்டத்தில், அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு 100 பவுண்டு அபராதம் என்று ஒரு பிரிவும் இருக்கிறது. படிக்க அல்ல, எழுத. இந்த வித்தியாசத்தை மாணவர்களிடம் சொன்னால் ஏன் ஏன் என்று துளைப்பார்கள்.

காரணம் ரொம்பவும் நடைமுறைக் காரணம். பண்ணையை விட்டு வெளியே போக அடிமைக்கு முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும். வழியில் ரோந்துக்காரன் நிறுத்தினால் அதைக் காட்ட வேண்டும். இன்ன பெயருள்ளவன், இன்ன இடத்துக்குப் போக அனுமதிக்கப்படுகிறான், கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். எழுதத் தெரிந்தவன் தனக்கும் எழுதிக்கொள்வான், கூட இருக்கும் பத்துப் பேருக்கும் எழுதிக் கொடுப்பான். ரோந்துக்காரன் கையில் இருக்கும் துப்பாக்கியை ஒரு துண்டுக் காகிதம் செல்லாததாக்கிவிடும். பிற்காலத்தில், அடிமையாக இருந்த பிரெடரிக் டக்ளஸ் தானும் தோழர்களும் தப்பிப்பதற்காக 1836-ல் இப்படித்தான் சீட்டு எழுதினார், திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டதால் அந்த முறை பலிக்கவில்லை. 1834-ல் தெற்குக் கரோலினா படிக்கக் கற்றுக்கொடுப்பதையும் தடை செய்தது.

ஆகவே எதிர்க்கேள்வி, எழுத்தை ஆயுதப் பட்டியலில் சேர்த்தவர்கள் மேடைப் பேச்சாளர்கள் இல்லை. துப்பாக்கியைப் பற்றிப் பேசும் அதே சட்டத்தில் எழுத்தையும் பேசியவர்கள் முதலாளிகள்தான். எதிரி யார் என்றும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

தூரிகையின் கருவி-ஆயுதம் கேள்விக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1588-ல் ஜப்பானில் டொயொடோமி ஹிதெயோஷி விவசாயிகளிடமிருந்து வாள், வில், ஈட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் பறிமுதல் செய்ய ஆணையிட்டான். கியோட்டோவில் கட்டப்படும் பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணியாகவும் கொக்கியாகவும் அந்த இரும்பு பயன்படும், கொடுத்தவர்களுக்கு மறுமையிலும் புண்ணியம் என்று ஆணையிலேயே எழுதியிருந்தது. விவசாயி உழவுக் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தால் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருப்பான் என்ற அறிவுரை வேறு! ஹிதெயோஷியே விவசாய வீட்டில் பிறந்து படையில் ஏறி வந்தவன் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தான் ஏறிய ஏணியை எடுத்து மேலே வைத்துக்கொண்டான்.

ஆனால் உழவுக் கருவி மட்டும் இருந்தால் பாதுகாப்பு என்று அவன் நினைத்தது எப்போதும் செல்லாது. அதற்குச் சுமார் 170 வருடம் முன்பு போஹிமியாவில் (இன்றைய செக் நாட்டில்) ஹுஸ் மதப் பிரிவினர் கதிரடிக்கும் கோலில் இரும்பு முள் அடித்து, பண்ணை வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்து அரண் ஆக்கி, கவசம் அணிந்த குதிரைவீரர்களைத் திரும்பத் திரும்பத் துரத்தினார்கள். யான் ஜிஷ்கா என்ற ஒற்றைக்கண் தளபதி, பிறகு இரண்டு கண்ணும் போய்விட்டது, அப்படியும் படை நடத்தினார். பட்டாளத்து ஐயா பயிற்சியைப் பற்றிச் சொன்னாரே, அதுதான் இங்கே விஷயம். கதிரடிக்கும் கோலை நாள் முழுக்கச் சுற்றி அடித்த விவசாயியின் தோள் அது. வாள்வீச்சை அவனுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், கோலைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எந்தப் பிரபுவிடமும் குண்டு கேட்டுக் கையேந்தவும் வேண்டாம். (துப்பாக்கியும் பீரங்கியும்கூட வண்டிகளில் வைத்திருந்தார்கள், அதை மறைக்கக்கூடாது.)

---

பூஜ்யம்_ஒன்று எழுதியது:

கணினிக்காரன் பங்குக்கு ஒன்று. தொண்ணூறுகளின் முதல் பாதியில் அமெரிக்கச் சட்டப்படி வலுவான மறையாக்க மென்பொருள் ராணுவத் தளவாடப் பட்டியலில் இருந்தது, ஏவுகணை இருக்கும் அதே பட்டியல். 1991-ல் பில் சிம்மர்மன் பிஜிபி என்ற நிரலை இலவசமாக வெளியிட்டார், சாதாரண ஆள் தன் மின்னஞ்சலை அரசுகூடப் படிக்க முடியாதபடி பூட்ட அது உதவியது. நிரல் இணையம் வழியாக நாட்டைத் தாண்டிவிட்டதால் அனுமதியில்லாமல் தளவாடம் ஏற்றுமதி செய்தாரா என்று அவர்மீது விசாரணை. மூன்று வருடம் போல இழுத்து 1996 ஜனவரியில் வழக்கே போடாமல் கைவிட்டார்கள். இடையில் 1995-ல் அந்த நிரல் முழுவதையும் புத்தகமாக அச்சிட்டார்கள், ஸ்கேனர் சுலபமாகப் படிக்கும் எழுத்துருவில். புத்தகத்தை ஏற்றுமதி செய்யத் தடையில்லை, பேச்சுரிமை. வெளிநாட்டில் வாங்கியவன் பக்கத்தைக் கிழித்து ஸ்கேன் செய்தால் "தளவாடம்" தயார். 1996 கடைசியில் மறையாக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்து வணிகத் துறைக்கு மாற்றினார்கள்.

பட்டாளத்து சார் சொன்ன குழாய்த் திருகு இங்கே வேலை செய்யவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. ஸ்டிங்கரை எண்ணித் திரும்பக் கேட்கலாம். நகலெடுக்கக்கூடியதை ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான்.

---

தூரிகை எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன சீட்டு விஷயம் என்னை உலுக்கிவிட்டது.

சரி, எனக்குப் புரிந்தவரை வித்தியாசம் இரும்பா எழுத்தா என்பதில் இல்லை, கொடுத்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்பதில் இருக்கிறது. துப்பாக்கிக்குக் குண்டை நிறுத்தலாம். எழுத்தைக் கொடுக்காமல் தடுக்கலாம், கொடுத்த பிறகு பிடுங்க முடியாது. அப்படியானால் சட்டம் எந்தப் பக்கம்? "மக்கள் கையில் தகவல் உரிமை என்ற ஆயுதம்" என்று ஒரு நண்பர் பேசப்போகிறார். அது திருத்தத்தில் போய்விடக்கூடியதுதானே?

---

மூன்றாம் மேசை எழுதியது:

தகவல் உரிமை பக்கம் நிறைய மனுக்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதனால் இதற்கு மட்டும் வருகிறேன்.

இந்த மாதிரிச் சட்டம் புதிதில்லை, ஸ்வீடனில் 1766-லேயே வந்தது. அமெரிக்காவில் 1966, இந்தியாவில் 2005. சட்டம் என்பது கிடங்கில் இருக்கும் துப்பாக்கி மாதிரிதான், பட்டாளத்தார் சொன்னபடி ஜீரோ செய்யத் தெரியாவிட்டால் ஒன்றும் நடக்காது. பெரும்பாலானவர்கள் எழுதும் மனு எப்படி இருக்கும் தெரியுமா? "எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் சாலை போடவில்லை? இதற்கு யார் பொறுப்பு? இது நியாயமா?" பதில் வரும், "கோரப்படுவது தகவல் அல்ல" என்று ஒரே வரியில். எந்த நாட்டுச் சட்டமானாலும் பொதுவாகக் கொடுக்கச் சொல்வது ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தை, அதிகாரியின் விளக்கத்தை அல்ல. அதே ஆள் "இன்ன சாலைக்கான மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தில் இந்த வேலை பதிவான பக்கங்களின் நகல்" என்று எழுதட்டும். அளவுப் புத்தகம் என்றால் போட்ட வேலையின் நீளம், அகலம், கனம் எல்லாம் பொறியாளர் கையெழுத்தோடு பதியும் புத்தகம், அதை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகும். போடாத சாலைக்குக் கனம் எழுதியிருந்தால் அந்தப் பக்கமே பேசிவிடும். இந்தியச் சட்டத்தில் 30 நாள் கெடு, வராவிட்டால் மேல்முறையீடு. ஏன் என்று கேட்காதே, எது என்று கேள், இவ்வளவுதான் நான் கற்றுக்கொடுப்பது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆம், சட்டத்தைத் திருத்தலாம், தகவல் ஆணையங்களில் ஆள் போடாமல் மேல்முறையீடுகளைத் தேங்க விடலாம், அதுவும் ஒரு வகையில் குண்டை நிறுத்துவதுதான். ஆனால் எந்த அலுவலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறது, அதில் எந்தப் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று ஒரு ஊரில் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் அது போகாது. வேறு வழியில் கேட்பார்கள், தணிக்கையில் கேட்பார்கள், நீதிமன்றத்தில் கேட்பார்கள். உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், சட்டத்தைப் புகழ்ந்து நேரத்தை வீணாக்காமல் ஒரு மனு எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

---

எதிர்க்கேள்வி எழுதியது:

டீச்சர் சொன்னதை ஏற்கிறேன், அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது. ஆனாலும் ஒடுக்குகிறவன் ஆயுதம் என்று நினைத்ததாலேயே நானும் அப்படித்தான் அழைக்க வேண்டுமா என்ன? அவன் பார்வையை நான் ஏன் கடன் வாங்க வேண்டும்? இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

---

வெள்ளை ஷூ எழுதியது:

நான் அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர். எதிர்க்கேள்விக்கு ஆதரவாக ஒன்று, எதிரியே இல்லாத இடத்திலும் மக்கள் கையில் கருவி கொடுக்கிறோம். விமான நிலையத்தில், ரயில் நிலையத்தில் சுவரில் மாட்டியிருக்கும் ஏஇடி பெட்டி, இதயம் திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றுபோனவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது. அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் இல்லையென்றால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாது.

"நிறுத்து என்று சொல்ல ஆள் வேண்டும்" என்றாரே, அதைப் படித்ததும் எனக்கு இந்தப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. திறந்தவுடன் அதுவே பேசும், இங்கே ஒட்டு, அங்கே ஒட்டு, யாரும் தொடாதே என்று. துடிப்பைத் தானே அளந்து, அதிர்ச்சி தேவையில்லை என்றால் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் கொடுக்காது. தளபதியைக் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதனால்தான் பயிற்சி இல்லாதவர் கையிலும் தைரியமாகக் கொடுக்க முடிகிறது. இருந்தாலும் பயிற்சி எடுத்தவர்கள் ஓடிப்போய் எடுக்கிறார்கள், எடுக்காதவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள், அது வேறு விஷயம்.

---

மலர் டீச்சர் எழுதியது:

தலைகீழ்த் திசையில் ஒன்று விட்டுப்போனது. மொசாம்பிக்கில் 1992-ல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது நாடு முழுக்கத் துப்பாக்கிகள் புதைந்து கிடந்தன. 1995-ல் அங்குள்ள கிறிஸ்தவ சபைகளின் மன்றம் ஒரு திட்டம் தொடங்கியது, துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடு, பதிலுக்குத் தையல் இயந்திரமோ சைக்கிளோ மண்வெட்டியோ கட்டட வேலைக் கருவியோ வாங்கிக்கொண்டு போ. வாங்கிய துப்பாக்கிகளை வெட்டிச் செயலிழக்க வைத்து, சிலவற்றைச் சிற்பிகளிடம் கொடுத்தார்கள். கெஸ்டர் என்ற கலைஞர் 2001-ல் அவற்றைப் பற்றவைத்து ஒரு நாற்காலி செய்தார், "ஆயுத அரியணை" என்று பெயர், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் துப்பாக்கிகளில் ஒன்றுகூட ஆப்பிரிக்காவில் செய்யப்பட்டது இல்லை. குழாய்த் திருகு எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

---

பழைய பட்டாளம் எழுதியது:

நல்ல திட்டம்தான் டீச்சரம்மா, ஆனால் இந்த மாதிரி வாங்கும் திட்டங்களில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. மக்கள் துருப்பிடித்ததை முதலில் கொண்டுவருவார்கள், நல்லதை எண்ணெய் பூசிப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். அதனால் ஒப்படைக்கும் இடத்தில் எண்ணிக்கையை மட்டும் பார்க்கக்கூடாது, போல்ட்டை இழுத்துப் பார்க்க வேண்டும், குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்க வேண்டும், கூடவே குண்டு எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். துப்பாக்கி வருகிறது, குண்டு வரவில்லை என்றால் வேறு துப்பாக்கி எங்கோ இருக்கிறது என்று பொருள்.